மின்சாரக் காருக்குச் சலுகை: கொடுப்பது யார், வாங்குவது யார்?

(கே.ஜி.கண்டிகையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் ஆரம்பிக்குமுன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு வாலிபத் தோழர் எங்களைக் கேட்டார்: "அண்ணே, மின்சாரக் காருக்குச் சர்க்கார் சலுகை கொடுத்தால் அது கார் வாங்குகிறவன் பாடு. நமக்கு அதில் என்ன பேச்சு?" நியாயமான கேள்விதான். கார் வைத்திருப்பவர் கையைத் தூக்குங்கள் என்றால் இந்தக் கூட்டத்தில் ஒரு கையும் எழும்பாது. மொபெட் என்று கேட்டால் பாதிக் கைகள் எழும்பும். ஆகவே அந்த மொபெட்டிலிருந்தே பேச்சை ஆரம்பிக்கிறோம்.

பெட்ரோலில் வரி இருக்கிறது என்பதை எல்லையோர ஜனங்களாகிய உங்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆந்திராவில் விலை கூடுதல் என்று அந்தப் பக்கத்து வண்டிகள் இந்தப் பக்கம் வந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கிறவர்கள் நீங்கள். 2020 மே மாதத்தில், கொரோனாவில் வேலையில்லாமல் நாம் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, மத்திய சர்க்கார் லிட்டருக்கு 32 ரூபாய் 98 காசு தீர்வையாக எடுத்தது. பிறகு இரண்டு முறை குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் மறுபடியும் 2 ரூபாய் ஏற்றினார்கள். அப்போது தீர்வை சுமார் 22 ரூபாய் ஆயிற்று. இரண்டு நாளைக்கு ஒரு லிட்டர் போடுகிற கட்டிடத் தொழிலாளி அந்தக் கணக்கில் வருஷத்துக்கு 4,000 ரூபாய் மத்திய கஜானாவில் கட்டுகிறார். மாநில வரி அதற்கு மேல் தனி. "நான் வருமான வரி கட்டுகிறேன்" என்று மார்தட்டிக்கொள்ளும் கனவான்கள் இருக்கிறார்கள். இவர் ரசீதில்லாமல் கட்டுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படிச் சேர்ந்த கஜானாவிலிருந்து மின்சார வண்டிக்கு எப்படிச் சலுகை போகிறது? 2019 ஏப்ரலில் மத்திய சர்க்கார் 'ஃபேம்' என்ற மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைப் பத்தாயிரம் கோடி ரூபாயில் தொடங்கியது. உள்ளதைச் சொல்ல வேண்டும்: சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கு அதில் ஒரு பைசா மானியம் கிடையாது. ஸ்கூட்டர், ஆட்டோ, பஸ், வாடகைக் கார் இவற்றுக்குத்தான். அடுத்து 2024 அக்டோபரில் 10,900 கோடியில் வந்த 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்திலும் சொந்தக் காருக்கு இடமில்லை.

"அப்படியானால் பணக்காரனுக்கு என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்பீர்கள். கையில் எண்ணிக் கொடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். வரியில் விட்டுக்கொடுத்தால் யார் கண்ணிலும் படாது. அந்த வழியில்தான் கொடுத்தார்கள்.

2019 ஆகஸ்டு முதல் மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். வண்டி 8 லட்சமோ 80 லட்சமோ, அதே 5 சதவீதம். அந்த ஆறு வருஷமும் உங்கள் பெட்ரோல் மொபெட்டுக்கு 28 சதவீதம் வாங்கினார்கள். 2025 செப்டம்பர் 22ந் தேதிதான் 18 ஆகக் குறைத்தார்கள். நெல் மூட்டை ஏற்றிப் போகிற மொபெட்டுக்கு 28, மாளிகை வாசலில் நிற்கிற காருக்கு 5! சென்னை ராஜாங்கமும் சளைக்கவில்லை. 2023 நவம்பரில் ரோடு வரியை ஏற்றியபோது லட்ச ரூபாய்க்குட்பட்ட இரு சக்கர வண்டிக்கே 10 சதவீதம் போட்டார்கள். மின்சார வண்டிக்கு முழு விலக்கு. முதலில் 2022 முடிய, அப்புறம் 2025 டிசம்பர் முடிய. காரின் விலைக்கு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். வரி சேராமல் 25 லட்சம் விலையுள்ள கார். பெரிய பெட்ரோல் காராக இருந்தால் 2025 கடைசியில் ஜி.எஸ்.டி. 40 சதவீதம், அதாவது 10 லட்சம். மின்சாரக் காருக்கு ஒன்றேகால் லட்சம். இதில் மிச்சம் எட்டே முக்கால் லட்சம். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ரோடு வரி 20 சதவீதம். அது விலக்கானதில் 5 லட்சம் மிச்சம். ஆக ஒரு காருக்கு 13 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். அதே வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நூறு நாளும் முழுசாக வேலை கிடைத்து, முழுக் கூலியும் பாக்கியில்லாமல் வந்தாலும் (அப்படி எந்த வருஷம் வந்தது என்று நீங்களே சொல்லுங்கள்) வருஷத்துக்கு 33,600. ஒரு காருக்கு விட்டுக்கொடுத்த வரி அவர்களுடைய நாற்பத்தோரு வருஷக் கூலி!

இது போதாதென்று, 2019 முதல் 2023 மார்ச் வரை மின்சார வண்டிக்கு வாங்கிய கடனின் வட்டியில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தார்கள். வருமான வரி கட்டுமளவுக்குச் சம்பளம் இல்லாதவனுக்கு இதில் கழிக்க என்ன இருக்கிறது? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

"ஸ்கூட்டருக்கும் அதே 5 சதவீதம், அதே விலக்கு உண்டே!" என்பார்கள். உண்டு. மறுக்கவில்லை. ஆனால் ஸ்கூட்டருக்கு என்று கொடுத்த நேரடி மானியம் என்னவாயிற்று? 2021 ஜூனில் பாட்டரியின் ஒவ்வொரு யூனிட் கொள்ளளவுக்கும் 15,000 ரூபாய் கொடுத்தார்கள். மூன்று யூனிட் பாட்டரி என்றால் 45,000 வரை கிடைக்கக்கூடியது. 2023 ஜூனில் அதைப் பத்தாயிரமாக்கி, விலையில் 15 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று கட்டையும் போட்டார்கள். 2024 ஏப்ரலில் யூனிட்டுக்கு ஐயாயிரம், மொத்தமே பத்தாயிரம்தான். 2025 ஏப்ரலில் இரண்டாயிரத்து ஐந்நூறு, மொத்தம் ஐயாயிரம். 2025 ஆகஸ்டில் திட்டத்தை 2028 மார்ச் வரை நீட்டினார்கள். ஆனால் ஸ்கூட்டர், ஆட்டோ மானியத்துக்கு மட்டும் 2026 மார்ச்சோடு முடிவு என்று தேதி குறித்தார்கள். திருத்தணி மலைப் படியில் இறங்குகிற மாதிரி ஏழையின் மானியம் ஒவ்வொரு படியாக இறங்கியது. காரின் 5 சதவீதம் மலைமேலேயே உட்கார்ந்திருந்தது. விலையுயர்ந்த மின்சாரக் காருக்காவது வரியை ஏற்றலாமா என்ற பேச்சு 2025ல் எழுந்தது. செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் அதைத் தொடவில்லை.

அந்த ஸ்கூட்டர் மானியமாவது ஒழுங்காக வந்து சேர்ந்ததா? உள்நாட்டுப் பாகங்களைப் போட வேண்டும் என்ற விதியை மீறி மானியம் வாங்கினார்கள் என்று 2023ல் ஏழு கம்பெனிகளிடம் 469 கோடி ரூபாயைத் திருப்பிக் கேட்டது சர்க்கார். வேறு சிலர் மானிய வரம்புக்குள் விலையைக் காட்டுவதற்காகச் சார்ஜருக்குத் தனியே பணம் வசூலித்து, பிடிபட்டபின் வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ரேஷன் கடையில் ஒரு கார்டில் பெயர் தவறாக இருந்தால் நம்மை எத்தனை நடை நடக்க வைக்கிறார்கள் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

தோழர்களே, நாம் மின்சார வண்டிக்கு விரோதிகள் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். புகையை முதலில் குடிப்பவன் ரோட்டோரம் நிற்கிற உழைப்பாளிதான். இன்னும் சொல்லப்போனால் மின்சார ஸ்கூட்டர் நமக்குத்தான் அதிகம் தேவை. மூன்று யூனிட் பாட்டரியை ஒரு முறை நிரப்ப மூன்றரை யூனிட் கரண்டு போதும். எண்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும் வண்டிகள் உண்டு. மூன்று நாளைக்கொரு முறை நிரப்பினால் இரண்டு மாதத்துக்கு எழுபது யூனிட். பெட்ரோலுக்குப் போகும் பணத்தில் பெரும்பகுதி வீட்டில் தங்கும். இது நமக்குத் தெரியாமலா இருக்கிறோம்? முதல் போடத்தான் வழியில்லை. பாங்குக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். காண்டிராக்டர் நமக்கு எந்தச் சீட்டைக் கொடுத்தான்? தனியார் பைனான்சில் கடன் வாங்கினால், பெட்ரோலில் மிச்சமாவது வட்டியில் போய்விடுகிறது.

மற்ற தேசங்களில் என்ன செய்தார்கள்? முதலாளிகளுக்கெல்லாம் முதலாளியான அமெரிக்கா 2022ல் போட்ட சட்டத்தில் மின்சாரக் காருக்கு 7,500 டாலர் வரை வரிக்கழிவு கொடுத்தது. ஆனால் இத்தனை டாலருக்கு மேல் வருமானம் இருந்தால் கிடையாது, 55,000 டாலருக்கு மேல் விலையுள்ள சாதாரணக் காருக்குக் கிடையாது என்று வரம்பும் வைத்தது. அந்தக் கழிவையும் டிரம்ப் சர்க்கார் 2025 செப்டம்பர் 30ந் தேதியோடு நிறுத்திவிட்டது. நார்வே நாட்டில் 2024ல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார். அவர்களும் 2023ல் ஐந்து லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு வரி போட ஆரம்பித்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில் இடதுசாரி முன்னணி சர்க்கார் 2025ம் வருஷப் பட்ஜெட்டில் 15 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் காருக்கு 8 சதவீதமும், 20 லட்சத்துக்கு மேல் 10 சதவீதமும் வரி விதித்தது. பதினைந்து லட்சத்துக்குக் கீழே பழைய 5 சதவீதத்தையே விட்டுவைத்தது. மனமிருந்தால் கோடு கிழிக்க முடிகிறதல்லவா?

சீனாவில் சென்ஷென் என்றொரு நகரம். 2017 முடிவதற்குள் அங்கே ஓடிய பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பஸ்கள் அத்தனையும் மின்சார பஸ்களாகிவிட்டன. சர்க்கார் பணத்தைப் பஸ்ஸில் போட்டால் கூலிக்காரனும் அதில் ஏறுவான். கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணி ஸ்டேஷனுக்கும் சோளிங்கருக்கும் நம் ஜனங்கள் போவது பஸ்ஸில்தானே?

நம்மிடத்திலும் மின்சார பஸ் வந்தது. 2025 ஜூன் 30ந் தேதி சென்னை வியாசர்பாடி டெப்போவில் 120 பஸ்களை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். பஸ் நல்ல பஸ்தான். வயசானவர்களும் ஏறும்படி தாழ்வான படி. ஆனால் பஸ் தனியார் கம்பெனிக்குச் சொந்தம். டிரைவர் கம்பெனி ஆள். கண்டக்டர் மட்டும் போக்குவரத்துக் கழகத்து ஆள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குக் கழகம் பணம் கட்டுகிறது. பஸ் காலியாக ஓடினாலும் கம்பெனிக்கு நஷ்டமில்லை. அரசாங்க டிரைவர் என்ற நிரந்தர வேலை, நம் பிள்ளைகள் எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரு சில வேலைகளில் ஒன்று. அதை மின்சாரத்தின் பெயரால் கரைக்கிறார்கள். பஸ்ஸை வரவேற்கிறோம், இந்த ஏற்பாட்டை எதிர்க்கிறோம்.

ஆலை வாசலிலும் இதே கதைதான். வண்டித் தொழிலுக்கு உற்பத்தி ஊக்கத்தொகை என்று 2021ல் 25,938 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். முதலீட்டையும் விற்பனையையும் பார்த்துக் கொடுக்கும் பணம் அது. எத்தனை பேரை நிரந்தரமாக்கினாய் என்று கேட்டுக் கொடுப்பதல்ல. விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகிற நம் பிள்ளைகள் காண்டிராக்டாகவே போய், காண்டிராக்டாகவே திரும்பி வருகிறார்கள்.

ஒரு மனு தயாரித்திருக்கிறோம். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு, அது எதில் ஓடினாலும் சரி, முழு வரி வாங்கு. அந்தப் பணத்தில் போக்குவரத்துக் கழகத்துக்கே சொந்தமாக மின்சார பஸ் வாங்கி, கழக டிரைவரைப் போட்டுக் கிராமத்துக்கு ஓட்டு. கூலித் தொழிலாளிக்குக் கூட்டுறவு பாங்கு மூலம் சம்பளச் சீட்டு கேட்காமல் ஸ்கூட்டருக்குக் கடன் கொடு என்று எழுதியிருக்கிறோம். சர்க்கரை ஆலைத் தோழர்கள் இன்னும் ஒன்று சேர்க்கச் சொன்னார்கள்: சர்க்கார் பணம் வாங்குகிற கம்பெனி காண்டிராக்ட் தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்று. அதையும் சேர்த்தாயிற்று.

நோட்டுப் புத்தகம் மேடைக்கு இடப்புறம், டியூப்லைட்டுக்குக் கீழே இருக்கிறது. கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு மை வைத்திருக்கிறோம். தாய்மார்கள் முதலில் வரட்டும். அவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.