மொழியை மீட்டனர், உறவை இழந்தனர்

(கனகராயன்குளத்தில் நிகழ்த்திய உரை)



கனகராயன்குளத்திற்கு வந்து, குளத்தைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் பேசாமல், கடல் கடந்த ஆபிரிக்காவில் வழங்கும் ஒரு மொழியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் உங்களுட் சிலர் வியந்திருப்பீர்கள். நம் வீட்டுக் கூரை ஒழுகும்போது அயல்வீட்டுக் கூரையைப் பார்ப்பானேன் என்று நினைத்தவர்களும் இருக்கலாம். அக்கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறிவிட்டு மேலே செல்வோம்.

நம் சேனைகளில் விளையும் குரக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். அது நம்முடையது என்றே எண்ணியிருக்கிறோம். அதன் தாயகமோ கிழக்கு ஆபிரிக்காவின் மேட்டுநிலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து இந்தியாவுக்கும், பின்னர் இலங்கைக்கும் வந்த தானியம் அது. அந்த மேட்டுநிலத்தின் வட பகுதியிலே, எரித்திரியா நாட்டிலும் எத்தியோப்பியாவின் திக்ராய் மாநிலத்திலும், இன்றும் குரக்கன் விதைத்து, எருது பூட்டி உழுது வாழும் மக்களின் மொழிதான் திக்ரிஞா. செங்கடற்கரையில் அவர்தம் முன்னோருக்கு அதூலிஸ் என்றொரு துறைமுகம் இருந்தது. 6ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற கொஸ்மஸ் என்னும் கிரேக்க வணிகர், இலங்கைக்குப் பாரசீகத்திலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் கப்பல்கள் வந்து சென்றதாக எழுதி வைத்திருக்கிறார். எனவே அவர்கள் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். நாம் மறந்துபோன பழைய அயலவர்.

திக்ரிஞா பேசுவோர் எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர். எரித்திரிய மக்களில் ஏறத்தாழ அரைப்பங்கினர் இம்மொழியினர். அரபு, எபிரேயம் ஆகியவற்றோடு உறவுடைய செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது இம்மொழி. ஆயினும் அதன் வாக்கியத்தைக் கேட்டால் நமக்கு ஒரு நெருக்கம் தோன்றும். நம் மொழியைப் போலவே அங்கும் வினைச்சொல் இறுதியில் வரும். எழுத்தும் அவ்வாறே. அரபும் எபிரேயமும் பெரும்பாலும் மெய்யெழுத்துகளை மட்டுமே வலமிருந்து இடமாக எழுதுவன. திக்ரிஞாவோ இடமிருந்து வலமாக, உயிரும் மெய்யும் கூடிய உயிர்மெய் எழுத்துகளால் எழுதப்படுவது. நாம் க, கா, கி, கீ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல, அவர்கள் ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவங்களைச் சொல்லிக் கொடுக்கின்றனர். கெயெஸ் என்னும் பழமொழிக்கு உரிய எழுத்து அது. 4ஆம் நூற்றாண்டில், அக்சும் பேரரசின் காலத்தில், உயிர்க்குறிகள் பெற்று முழுமையடைந்தது. கெயெஸ் இன்று எவர் வீட்டிலும் பேசப்படுவதில்லை. தேவாலய வழிபாட்டில் மட்டும் ஒலிக்கிறது.

அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அதனோடு தந்தை பெயர், அவ்வளவே. நமது பழைய முறையும் அதுதானே! திக்ரிஞா பேசுவோருட் பெரும்பாலோர் பழைமையான ஓதொடொக்ஸ் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் உளர். ஜபர்த்தி எனப்படும் முஸ்லிம்களும் உளர். சமயம் வேறானாலும் தாய்மொழி ஒன்றே. விருந்தினர் வந்தால், அவர் கண்முன்னே பச்சைக் கோப்பிக் கொட்டையை வறுத்து, இடித்து, மண்குடுவையிலே காய்ச்சி மூன்று முறை வார்ப்பர். மூன்றாம் வார்ப்புக்கு ஆசி என்று பொருள்படும் பெயர். அதனைக் குடியாமல் எழுந்து செல்வது முறையன்று. தெவ் என்னும் சிறு தானியத்தின் மாவைப் புளிக்க வைத்து, பெருந்தட்டில் அகலமாகச் சுட்டு, ஒரே தட்டைச் சுற்றியிருந்து உண்பர். புளித்த மாவின் அருமை அப்பம் சுடும் நம் தாய்மாருக்குத் தெரியாததா?

கமக்காரப் பெருமக்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த மேட்டுநிலக் கிராமங்களுக்குப் பரம்பரையான வழக்குச் சட்டங்கள் இருந்தன. திருமணம், சீதனம், காணி, கடன், இரத்தப்பழி ஆகிய அனைத்துக்கும் ஊர்ப் பெரியோர் வகுத்த விதிகள் அவை. நமது தேசவழமையை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்தார் என்பதை அறிவீர்கள். அதுபோல் அவர்களுடைய வழமைகளும் எழுத்தில் ஏறின. பல கிராமங்களில் காணி தனியொருவருக்கு உரியதன்று, ஊருக்கு உரியது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊர்கூடி, குடும்பங்களுக்கிடையே மீண்டும் பங்கிடுவர். அதற்குத் தீசா என்று பெயர். நல்ல நிலம் ஒருவருக்கே என்றும் நிலைத்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். இந்த வழக்குகளெல்லாம் பேசப்பட்டது திக்ரிஞாவில்தான். உழவன் தன் வாயாலேயே தன் வழக்கைச் சொன்னான்; தீர்ப்பையும் தன் காதாலேயே கேட்டு விளங்கிக் கொண்டான். ஒரு மொழியின் உயிர் இருக்கும் இடம் இதுவே.

இனி, அம்மொழிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

எரித்திரியா 1890 முதல் இத்தாலியரின் குடியேற்ற நாடாயிற்று. 1895இல் திக்ரிஞாவின் முதல் அச்சு இலக்கிய நூல் ரோமாபுரியில் வெளிவந்தது. இத்தாலிக்குச் சென்ற பிசெகா கியோர்கிஸ் என்பவர் தம் பயணத்தைப் பற்றி எழுதிய நூல் அது. 1941இல் இத்தாலியர் தோற்றனர். பிரித்தானியர் நிருவாகம் வந்தது. 1942இல் அஸ்மாரா நகரில் திக்ரிஞா மொழியிலே வாரப் பத்திரிகை ஒன்று தொடங்கியது. அதன் பெரும்பணியை ஆற்றியவர் வொல்தேயாப் வொல்தெமரியாம் என்னும் ஆசிரியர். சந்தையிலும் வயலிலும் பேசிய மொழியை, அரசியலும் அறிவியலும் பேசும் உரைநடையாக வளர்த்தவர் அவர். பேனா பிடித்த கைக்கு அவர் பெற்ற பரிசு என்ன? அவர் உயிருக்குக் குறிவைத்துப் பலமுறை தாக்கினர். 1953இல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

1952இல் ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானப்படி எரித்திரியா, எத்தியோப்பியாவோடு சமஷ்டி முறையில் இணைக்கப்பட்டது. எரித்திரியாவுக்குத் தனி அரசியலமைப்பு, தனிச் சட்டசபை, தனிக்கொடி இருந்தன. திக்ரிஞாவும் அரபும் உத்தியோக மொழிகள் என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டிருந்தது. எழுத்தில் இருந்தது நடப்பில் நிற்கவில்லை. பேரரசர் ஹைலி செலாசியின் ஆட்சி, படிப்படியாக ஒவ்வொன்றையும் பறித்தது. 1950களின் இறுதிக்குள் இரு மொழிகளும் ஒதுக்கப்பட்டு, அம்ஹாரிக் மொழி அலுவலகத்திலும் பாடசாலையிலும் ஏற்றப்பட்டது. 1962இல் சமஷ்டியே கலைக்கப்பட்டது.

நினைத்துப் பாருங்கள். 1956இல் இந்நாட்டில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதே 1956இல், நாடு கடந்திருந்த வொல்தேயாப், கெய்ரோ வானொலியிலிருந்து திக்ரிஞா மொழியில் தம் மக்களோடு பேசினார். இரு நிலங்கள், இரு மக்கள், இருவருக்கும் ஒரே தசாப்தத்தில் ஒரே வகையான அடி. அலுவலகத்தின் மொழி மாறினால் முதலில் அடிபடுபவர் யார்? எழுதுவினைஞர் வேலை இழக்கிறார். ஆசிரியரின் படிப்பு மதிப்பிழக்கிறது. கமக்காரர் தம் காணிப் பத்திரத்தைத் தாமே வாசிக்க முடியாமற் போகிறார். மொழிச்சட்டம் என்பது புலவருக்கு மட்டும் வந்த துன்பம் என்று எவரும் எண்ணவேண்டா.

1961இல் எரித்திரியாவில் ஆயுதப் போர் மூண்டது. முப்பது ஆண்டுகள் நீடித்தது. போராளிகளின் ஆட்சிப் பகுதிகளில் மர நிழலிலும் மலை மறைவிலும் பாடசாலைகள் நடந்தன; பிள்ளைகள் தாய்மொழியில் படித்தனர். இடம்பெயர்ந்து மரத்தடியில் பாடம் நடத்திய வன்னி ஆசிரியர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1991இல் போர் முடிந்தது. 1993இல் பொதுமக்கள் வாக்களித்து எரித்திரியா தனிநாடாயிற்று. எல்லைக்கு அப்பால் திக்ராயிலும் அதே 1991இல் ஆட்சி மாறியது. 1995ஆம் ஆண்டின் எத்தியோப்பிய அரசியலமைப்பு எல்லா மொழிகளையும் அரசு சமமாக மதிக்கும் என்றது. திக்ராய் மாநிலத்தின் நிருவாக மொழியாகத் திக்ரிஞா அமர்ந்தது. எல்லைக்கு இருபுறமும் அம்மொழி அரியணை ஏறியது.

கதை இங்கே முடிந்திருந்தால், கைதட்டிவிட்டு வீடு திரும்பலாம். ஆனால் முடியவில்லை.

1998இல் எரித்திரியாவும் எத்தியோப்பியாவும் எல்லை குறித்துப் போரிட்டன. பத்மே என்னும் சிற்றூரில் தொடங்கிய அப்போர் 2000 வரை நீடித்துப் பல்லாயிரவரைக் கொன்றது. எத்தியோப்பிய ஆட்சியில் அன்று மேலோங்கியிருந்தவர்கள் திக்ராய்த் தலைவர்கள். 2020 நவம்பரில் திக்ராயில் மீண்டும் போர் வெடித்தது. எத்தியோப்பிய அரசின் பக்கம் நின்று எரித்திரியப் படைகள் திக்ராயினுள் புகுந்தன. 2022 நவம்பரில் பிரிட்டோரியா நகரில் உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை மாண்டோரின் தொகை இலட்சக்கணக்கில் மதிப்பிடப்படுகிறது. பட்டினியும் ஆயுதமாயிற்று. சுடச் சொன்ன கட்டளையும் திக்ரிஞா. உயிர்ப்பிச்சை கேட்ட குரலும் திக்ரிஞா. ஒரே எழுத்தில் படித்தவர், ஒரே மூன்றாம் கோப்பியில் ஆசி பெற்றவர், ஒருவரையொருவர் கொன்றனர்.

எரித்திரியாவின் உள்ளும் நிலைமை இனிதன்று. ஒன்பது மொழியினரையும் சமமென்று போற்றும் நாடு அது. 1997இல் அரசியலமைப்பு ஒன்று ஏற்கப்பட்டது. அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. 1994இல் வந்த காணிச் சட்டம், நிலம் முழுவதையும் அரசின் உடைமையாக்கியது. முடிவின்றி நீளும் தேசிய சேவைக்கு அஞ்சி இளைஞர் பாலைவனத்தையும் கடலையும் கடந்து ஓடுகின்றனர். சுவிற்சர்லாந்தின் நகரங்களில் நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கின்றனர். மொழி வென்றது, அம்மொழியில் அச்சமின்றிப் பேசும் உரிமை வரவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? மொழியுரிமை வேண்டாம் என்பதா? அன்று, அன்று! உரிமை இழந்த மொழி ஊமையாகும் என்பதை அவர்கள் வரலாறே காட்டுகிறது. ஆனால் மொழி ஒன்று என்பதனாலேயே மக்கள் ஒன்றாகிவிட மாட்டார்கள். மொழியோடு நீதியும் வேண்டும்.

இதனைப் பிறருக்குச் சொல்வதற்கு முன் நமக்கே சொல்லிக்கொள்வோம். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் பேசிய மொழி எது? தமிழ். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1958இலும் 1977இலும் வன்செயலுக்கு அஞ்சி, மலையகத்திலிருந்து இந்த வன்னி மண்ணுக்கு வந்தவர்கள் பேசிய மொழி எது? தமிழ். காடு வெட்டிக் கழனியாக்கிய அந்தக் கைகளுக்குக் காணி உறுதி கொடுப்பதில் நாம் எத்தனை தயக்கம் காட்டினோம்! கோவிலிலும் சங்கத்திலும் திருமணப் பேச்சிலும் அவர்களை எந்த வரிசையில் நிறுத்தினோம்! பத்மேயை நோக்கி விரல் நீட்டுமுன், நம் வாய்க்கால் வரம்பைப் பார்த்துக்கொள்வோம்.

இனி, செய்ய வேண்டியவை. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. அது ஏட்டிலே தூங்கக்கூடாது. கச்சேரியிலிருந்தோ வேறு திணைக்களத்திலிருந்தோ விளங்காத மொழியில் கடிதம் வந்தால், தமிழில் தரும்படி எழுத்தில் கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிடாதீர்கள். முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலம் பதியப்படவேண்டும் என்று 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவே பரிந்துரைத்தது. படித்த அலுவலர்களே, கமக்காரர் ஒருவர் படிவத்தோடு உங்கள் மேசைமுன் நிற்கும்போது, அவருக்கு விளங்கும் தமிழில் பேசுங்கள். நம்மவரே நம்மவரை விளங்காத சொற்களால் விரட்டுவதும் மொழிப் பறிப்புத்தான்.

கமக்காரப் பெருமக்களே, உங்கள் நாவில் ஒரு களஞ்சியம் இருக்கிறது. துருசு, வான், அலைகரை, காலபோகம், சிறுபோகம், பொலி, சூடு ஆகிய சொற்களை நகரத்துப் பிள்ளை அறியாது. இயந்திரம் வந்ததும் சூடு மிதித்த களத்தின் சொற்கள் உதிர்கின்றன. பாடசாலை மாணவரை முதியோரிடம் அனுப்பி, அச்சொற்களை எழுதி வைக்கச் செய்யுங்கள். எழுதப்பட்டதனாலன்றோ திக்ரிஞா உழவரின் வழமையும் நமது தேசவழமையும் நிலைத்தன!

கனகராயன் ஆறு இவ்வழியே ஓடி இரணைமடுவை நிரப்புகிறது. மேலிருப்பவர் நீரை மறித்தால் கீழுள்ள வயல் காயும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆதலால் பங்கிட்டுப் பாய்ச்சுவதற்கு முறை வைத்திருக்கிறீர்கள். மொழியும் உரிமையும் அவ்வாறே. வேண்டிப் பெறுவதற்குத் துணிவு வேண்டும். பெற்றதை அயலவனுக்கும் பங்கிடுவதற்கு அதனினும் பெரிய துணிவு வேண்டும். அத்துணிவு நமக்கு வாய்ப்பதாக.