முத்திரையும் நம்பிக்கையும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இணையத்திலிருந்து ஒரு மென்பொருளை இறக்குகின்றோம். அதில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கின்றது. ஆதலால் அது தீங்கற்றது என்று துணியலாமா? நாம் இன்று ஆராயப் புகுந்த பொருள் இதுவே.

சாகாமத்தில் நெல்லோடு பிறந்து வளர்ந்தவர்கள் நாம். ஆலை முதலாளி அரிசி மூட்டையைத் தைத்து முத்திரையிடுகின்றார். முத்திரை குலையாதிருந்தால், மூட்டை அவருடையது, வழியில் எவரும் பிரிக்கவில்லை என்பது தெளிவு. தைக்குமுன்னரே கல் கலந்திருந்தால் முத்திரை என்ன செய்யும்?

டிஜிட்டல் கையொப்பமும் அத்தகையதே. கோப்பு முழுவதையும் கணித்து ஒரு சுருக்க எண் பெறப்படும். வெளியிடுவோர் தமது இரகசியத் திறவுகோலால் அதற்கு ஒப்பமிடுவர். பின்னர் கோப்பில் ஓர் எழுத்து மாறினும் கணக்கு ஒவ்வாது. ஒப்பமிட்டவர் யார், பின்னர் மாற்றப்பட்டதா என்னும் இரு வினாக்களுக்கே அது விடை தரும். நல்லதா, தீயதா என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

2017 ஆகஸ்டில் வெளிவந்த சீகிளீனர் 5.33ஆம் பதிப்பு இதற்குச் சான்று. பிரிஃபோர்ம் நிறுவனத்தின் செல்லுபடியான கையொப்பம் அதில் இருந்தது. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே கிடைத்தது. ஆயினும் ஒப்பமிடுமுன்னரே வஞ்சகர் தீய நிரலைச் செருகிவிட்டனர். செப்டெம்பரில் அது வெளிப்படுமுன் ஏறத்தாழ 22.7 இலட்சம் பேர் அதனைப் பெற்றிருந்தனர். 2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சுநிரலோ, தைவானின் ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய நிறுவனங்களின் கையொப்பங்களைத் தாங்கி உலாவியது. முத்திரையே கள்வர் கைக்குப் போகலாம் அன்றோ?

அங்ஙனமாயின் கையொப்பம் வீணா? வீணன்று, அது முதற்படி. வந்த இணைப்பை அழுத்தாமல், வெளியிடுவோரின் தளத்துக்கு நாமே சென்று இறக்குதல் வேண்டும். விண்டோஸ் கணினியில் கோப்பின் பண்புகளைத் திறந்து, ஒப்பமிட்டவர் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தல் வேண்டும். ஒப்பம் செல்லும் என்று கணினி கூறுகின்றதா எனவும் காணல் வேண்டும். சுருக்க எண் வெளியிடப்பட்டிருப்பின் ஒப்பிடுக. பின்னர் நச்சுநிரல் தடுப்பானால் சோதிக்குக. தடுப்பானும் புதியதை அறியாதிருக்கலாம். ஆதலின் தேவையற்றதை நிறுவாதிருத்தலே தலையாய காவல். நிறுவியதில் குறை வெளிப்பட்டால் உடனே திருத்திய பதிப்புக்கு மாறுக.

இளைஞர்களே! அயல்வீட்டு ஐயாவும் அம்மாவும் உங்களை நம்பியே தம் கணினியையும் கைப்பேசியையும் தருகின்றனர். அவர்தம் வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் படங்களும் அதனுள் இருக்கின்றன. "தம்பி போட்டுத் தந்தது" என்பதே அவர்கள் அறிந்த ஒரே முத்திரை. வள்ளுவப் பெருமான் தெரிந்து தெளிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அந்நெறியை மறவாது, ஆராய்ந்த பின்னரே நிறுவுவோமாக.