மூன்றாவது முற்பணம்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



இன்றைக்கு உங்களுக்குப் புத்தி சொல்ல நான் எழும்பவில்லை. நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னம் நம்மட தோட்டத்தில் கஜு உடைக்கிற ஒரு பிள்ளை சம்பள முற்பணம் கேட்டு வந்தது. நாலு மாதத்துக்குள் அது மூன்றாவது தடவை. கையெழுத்துப் போட்டு, "சல்லியைக் கவனமாகச் செலவழி மகள்" என்று அனுப்பிவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. அவட புருஷன் தேங்காய் உரிக்கிறவர். கிழமையில் மூன்று இரவு தாய் வீட்டில் படுக்கிறார் என்று எனக்குத் தெரியும். மூத்த பொடியன் செவ்வாய்க்கிழமைகளில் பள்ளிக்கூடம் வருவதில்லை என்று ஆசிரியரும் சொல்லியிருந்தார். மூன்றையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. செவ்வாயில்தான் நுண்கடன் தவணை வாங்க ஆள் வரும். தாய் பக்கத்து வளவுக்குள் ஒளிக்க, "அம்மா இல்லை" என்று சொல்லப் பொடியன் வாசலில் நிற்பான்.

அந்த வருஷமே தாபரிப்பு வழக்கு. பிள்ளைகளின் வயிற்றுக்காகக் கேட்டது, அதில் அந்தப் பிள்ளைமேல் ஒரு குற்றமும் இல்லை. நீதவான் மாதா மாதம் கட்டச் சொன்னார். சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று பயந்து அவர் வேலையை விட்டுப் போயிற்றார். பொடியன் படிப்பை விட்டு வாவியில் வலை இழுக்கிறான்.

நம்மட பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம். எழுவான்கரையோ படுவான்கரையோ, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் சண்டை வந்தால் வெளிக்கிடுகிறது ஆம்பிளைதான். ஒரு இரவு போனால் அது கோபம். மாற்றுச் சாரமும் சவர அலகும் தாய் வீட்டுக்குப் போயிற்றென்றால் வேறு சங்கதி. அந்த நேரத்தில் போய்ப் பேச வேண்டும், ஆனால் பத்துப்பேர் பார்க்கப் போகக் கூடாது.

இப்போது முற்பணம் இரண்டாந்தரம் கேட்டாலே நான் வீட்டுக்குப் போகிறேன். இருவரிடமும் தனித்தனியே கேட்டு, எங்கெங்கே கடன், எவ்வளவு மிச்சம் என்று கொப்பியில் எழுதுகிறோம். கடன் பிணக்கென்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது, சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை. மட்டக்களப்பு, வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளம் போகுதே.

அமெரிக்காவில் அலெகெனி என்ற இடத்தில் 2016 முதல், பிள்ளைகள் பற்றி முறைப்பாடு வந்தால் அந்தக் குடும்பத்துக்குக் கணினி புள்ளி போடுகிறதாம். அரசாங்கப் பதிவுகளில் ஏழைகளின் பெயர்தான் அதிகம், ஆகவே ஏழைக்கே கூடுதல் புள்ளி விழும் என்று அங்கே குறை சொல்கிறார்கள். என்ட கொப்பியும் அப்படி ஆகக் கூடாது. கடன் தீர்ந்ததும் அந்தத் தாளைக் கிழித்து வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் வேறு. அடி உதை இருக்கிற வீட்டில் சமாதானம் பேச நான் வரமாட்டேன், "பொறுத்துப் போ" என்று நீங்களும் சொல்ல வேண்டாம். 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929, இந்த இரண்டு இலக்கத்தையும் இப்பவே எழுதிக்கொள்ளுங்கள். தனியே போகப் பயமென்றால் பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் நான் கூட்டிப்போகிறேன்.

வியாழன் பின்னேரம் கந்தோரில் இருப்பேன். பின்பக்கக் கதவால் வரலாம், அங்கே நிற்கிறவர்களை யாரும் பார்க்க ஏலாது.