பக்கவாதம்: மூன்றாம் நாள் கவனம்



வீட்டுப் பெரியவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு கை தொங்கி, பேச்சுக் குழறினால் புறா ரத்தம் தேடி ஓடாதீங்க. வாயில்லா ஜீவனைக் கொன்று பலனில்லை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பார்த்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியை, ஸ்கேன் பார்த்து, நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

“ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சே, மூணாம் நாள் ஏன் மோசமானார்?” என்கிறீர்கள். முள் தைத்த இடம் மறுநாள் வீங்கிச் சூடாகுதே, அதே அழற்சி மூளையிலும் வரும். மண்டையோடு விரியாதே, பக்கத்து நல்ல பகுதியும் நசுங்கும். காய்ச்சல் கண்டால் சேதம் கூடும். உடனே நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். விழுங்க முடிகிறதா என்று டாக்டர் பார்க்கும்வரை, அவரே கேட்டாலும் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.