மைதானம் யாருடையது?

(படிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



விளையாட்டு அரங்கம் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் சில தோழர்கள் சிரித்தார்கள். நிலம், கூலி, வன்கொடுமை என்று பேசுகிற இடத்தில் கால்பந்துக் கதை எதற்கு என்பது அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். நியாயமான கேள்விதான். ஆனால் அரங்கம் என்பதும் நிலம்தானே. ஊருக்கு நடுவில் பல ஏக்கர் மனை. அந்த மனைக்குள் யார் ஆடலாம், யார் உட்காரலாம், யார் வாசலில் நிற்கணும் என்று யாரோ ஒருத்தர் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தின் வரலாற்றை ஒரே ஒரு ஊரை வைத்துப் பார்க்கலாம். பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ. அங்கே ரெண்டு அரங்குகள். ஒன்று உலகமே அறிந்த மரக்கானா. இன்னொன்று நம்மில் பலர் பேரே கேட்டிராத சாவ் ஜனுவாரியோ.

சாவ் ஜனுவாரியோவைச் சொந்த வீடாகக் கொண்ட அணியின் பெயர் வாஸ்கோ ட காமா. ஆமாம், 1498இல் கோழிக்கோட்டில் வந்து இறங்கினானே, அதே ஆள்தான். அந்தப் பயணத்தின் நானூறாவது ஆண்டான 1898இல் ரியோவில் குடியேறிய போர்ச்சுகீசியர்கள் ஒரு படகுப்போட்டிக் கழகம் தொடங்கி அவன் பேரை வைத்தார்கள். கொள்ளைக்கு வந்த ஒருத்தனின் பேரைச் சுமந்த கழகம்தான் கறுப்பின ஆட்டக்காரர்களுக்காக ஒரு நகரத்து மேட்டுக்குடியோடு மல்லுக்கு நின்றது. வரலாறு இப்படித்தான், நாம் போடுகிற கோட்டில் ஒழுங்காக நடந்து வராது.

பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888இல். அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசி. விடுதலை பெற்றவர்களுக்கு நிலமும் தரவில்லை, படிப்பும் தரவில்லை. பதினாலு ஆண்டு கழித்து, 1902இல், ரியோவில் ஃபுளுமினென்சே கழகம் தோன்றுகிறது. ஐரோப்பாவில் படித்துத் திரும்பிய பணக்காரப் பிள்ளைகளின் கழகம். கால்பந்து அப்போது கனவான்களின் ஆட்டம். பிரேசில் நாட்டின் பெரிய அரங்கமும் அவர்களிடம்தான் இருந்தது. 1919 தென்னமெரிக்கப் போட்டி நடந்ததே அவர்களுடைய மைதானத்தில்தான்.

அந்தக் கழகத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. 1914இல் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ என்ற கலப்பின ஆட்டக்காரர் அங்கே சேர்ந்தார். ஆடப்போகும் முன் முகத்தில் அரிசிமாவுப் பவுடர் பூசிக்கொள்வாராம். வேர்வையில் பவுடர் கரைந்து நிறம் தெரிந்ததும் எதிரணி ரசிகர்கள் 'அரிசிமாவு' என்று கத்தினார்களாம். சவரம் செய்த முகத்துக்குப் போட்ட பவுடர்தான் என்று கழகத்தார் மறுக்கிறார்கள். எது உண்மையாக இருந்தாலும், கறுப்பு தெரிஞ்சா அவமானம் என்று ஒரு ஊரே நம்பிய காலம் அது. வெள்ளையும் சொள்ளையுமாப் போனாத்தான் உள்ளே விடுவான் என்பது நமக்குத் தெரியாத கதையா?

இந்த நேரத்தில்தான் வாஸ்கோ வருகிறது. 1922இல் இரண்டாம் பிரிவில் வென்று, 1923இல் முதல் பிரிவுக்கு ஏறுகிறது. ஏறிய முதல் ஆண்டே ரியோ சாம்பியன். 14 ஆட்டம், 11 வெற்றி, ரெண்டு சமன், ஒரே ஒரு தோல்வி. ஆடினவர்கள் யார்? கோல்காப்பாளர் நெல்சன் த கொன்செய்சாவ் வாடகைக் கார் ஓட்டியவர். மற்றவர்களில் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர் உண்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் உண்டு, லாரி ஓட்டுகிறவர் உண்டு. கறுப்பர்கள், கலப்பினத்தார், ஏழை வெள்ளையர்கள். உழைத்து உழைத்து இறுகிய உடம்பு. எதிரணிக் கனவான்கள் முதல் பாதி முடிந்ததும் மூச்சு வாங்கினார்கள்.

அதே 1923ஐ நம் நாட்டிலும் கொஞ்சம் பாருங்கள். பம்பாய் நாற்கூட்டுக் கிரிக்கெட் போட்டியில் இந்து அணிக்குத் தலைவரானார் பல்வங்கர் விட்டல். சமார் சாதியில் பிறந்தவர். அவருடைய அண்ணன் பாலு அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தவர். அவருக்குப் பூனாவில் தேநீர் இடைவேளையில் வெளியே நிறுத்தி, தனி மண்குவளையில் ஊற்றினார்கள். அவர் தொட்டு வீசிய பந்தை எல்லாரும் தொடலாம், குவளையைத் தொடக்கூடாது. நம்ம ஊர் டீக்கடை இரட்டைக் குவளைக்கு அது அண்ணன். பாலுவுக்குக் கடைசிவரை தலைவர் பதவி கொடுக்கப்படவில்லை. தம்பிக்குக் கிடைத்தது, அதுவும் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு. இரண்டு கண்டங்களில், ஒரே ஆண்டில், விலக்கப்பட்டவர்கள் வென்றார்கள்.

வென்றால் என்ன ஆகும்? விதிமுறை மாறும்.

1924இல் ஃபுளுமினென்சே, ஃபிளமெங்கோ, பொத்தஃபோகோ, அமெரிக்கா முதலிய பெரிய கழகங்கள் பழைய கூட்டமைப்பை விட்டு வெளியேறிப் புதிய மாநகர விளையாட்டுச் சங்கம் ஒன்றைத் தொடங்கின. ஒதுக்குகிறவன் 'நீ கறுப்பன், வராதே' என்று எழுதமாட்டான். அவன் எழுதுவது எல்லாம் பொதுவிதி. ஆட்டக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்கணும். கௌரவமான தொழில் இருக்கணும், கீழான வேலை செய்கிறவன் கூடாது. சம்பளத்துக்கு ஆடக்கூடாது. இதில் நிறம் எங்கே இருக்கு என்று கேட்பான். படிப்பு யாருக்கு மறுக்கப்பட்டது, கூலிவேலை யார் தலையில் கட்டப்பட்டது, வேலைக்குப் போகாமல் ஆட யாருக்கு வசதி உண்டு என்று கேட்டுப்பாருங்கள், நிறம் தானாக வெளியே வரும். 'அமெச்சூர்' என்ற சொல்லுக்கு 'ஆர்வத்துக்காக ஆடுபவர்' என்று பொருள் சொல்வார்கள். நடைமுறையில் அதன் பொருள், அப்பன் சொத்தில் சாப்பிடுகிறவர்.

இந்த விதிகளை வைத்து விசாரணை நடத்தி, வாஸ்கோவின் 12 ஆட்டக்காரர்களை நீக்கினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். 1924 ஏப்ரல் 7ஆம் தேதி வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகுஸ்தோ பிரெஸ்தெஸ் ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பன்னிரண்டு பேரைப் பலி கொடுத்து உங்கள் சங்கத்தில் சேர எங்களுக்கு விருப்பமில்லை, விலகிக்கொள்கிறோம் என்பது அதன் சாரம். பிரேசிலில் அதற்கு 'வரலாற்றுப் பதில்' என்றே பேர்.

கழகத்தின் மேல் சொன்ன இன்னொரு குறையையும் கவனிக்கணும். வாஸ்கோவுக்குத் தகுதியான சொந்த மைதானம் இல்லை என்றார்கள். 'மனை இல்லாதவனுக்கு ஊரில் என்ன பேச்சு' என்கிற அதே குரல். வாஸ்கோ பழைய கூட்டமைப்பிலேயே ஆடி 1924இலும் வென்றது. வாஸ்கோ ஆட்டத்துக்கு வருகிற கூட்டத்தையும் வசூலையும் விட்டு எவ்வளவு நாள் இருக்க முடியும்? 1925இல் புதிய சங்கமே வாஸ்கோவைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆட்டக்காரர்களோடுதான்.

பிறகு மைதானம். கழகம் மக்களிடம் போய் உறுப்பினர் சேர்த்தது, காசு திரட்டியது. 1926 ஜூனில் அடிக்கல், 1927 ஏப்ரல் 21இல் திறப்பு. ஓராண்டுகூட ஆகவில்லை. சாவ் ஜனுவாரியோ அப்போது தென்னமெரிக்காவிலேயே பெரிய அரங்கம். 1930இல் மோன்தெவிதேயோவில் சென்தெனாரியோ எழும்வரை அந்தப் பெருமை அதனிடம்தான். திறப்பு ஆட்டத்தில் சாந்தோஸ் அணியிடம் 5-3 என்று தோற்றார்கள். தோற்றால் என்ன, சொந்த மனையில் தோற்றார்கள்.

இதை ஒரு புரட்சிக் கதையாக மட்டும் கொண்டுபோய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வாஸ்கோவை நடத்தியவர்கள் போர்ச்சுகீசிய வியாபாரிகள். அவர்களுக்கு வெற்றி வேண்டியிருந்தது. ஆட்டக்காரர்களைக் கடையில் வேலைக்கு இருப்பதாகக் கணக்கில் காட்டி, மறைவாகப் பணம் கொடுத்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்த கதையை மரியோ ஃபிலோ 1947இல் வெளியிட்ட 'பிரேசில் கால்பந்தில் கறுப்பர்' என்ற நூலில் விவரிக்கிறார். கறுப்பரை ஆடவிட்ட முதல் கழகமும் வாஸ்கோ இல்லை. பாங்கு என்கிற நெசவாலைக் கழகத்தில் 1905இலேயே ஃபிரான்சிஸ்கோ கரெகால் ஆடியிருக்கிறார். அப்படியானால் வாஸ்கோவின் இடம் என்ன? விலை கேட்கப்பட்டபோது அந்தப் பன்னிரண்டு பேரை விற்கவில்லை. கூட்டாளிக்கு நோக்கம் சுத்தமா என்று பார்ப்பதைவிட, நெருக்கடியில் நம்மை விட்டுக்கொடுத்தானா இல்லையா என்று பார்ப்பதுதான் அரசியல்.

மைதானம் பெரிதானால் அரசும் வரும். ஜெதூலியோ வர்காஸ் சர்வாதிகார ஆட்சியில் மே தினக் கூட்டங்களைச் சாவ் ஜனுவாரியோவில் நடத்தினார். 1940 மே 1 அன்று குறைந்தபட்சக் கூலியை அறிவித்தது அங்கேதான். உழைக்கும் மக்கள் காசு போட்டுக் கட்டிய படிக்கட்டில் உழைக்கும் மக்களையே உட்காரவைத்து, 'தந்தை தருகிறார், வாங்கிக்கொள்' என்கிற நாடகம். கூலிச் சட்டம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 1943 தொழிலாளர் சட்டத் தொகுப்பில் வீட்டு வேலை செய்கிறவர்களும் விவசாயக் கூலிகளும் விடுபட்டார்கள். யார் அவர்கள்? பெரும்பாலும் கறுப்பினப் பெண்களும் அடிமைகளின் பேரப்பிள்ளைகளும். அதே அரங்கில் 1945 மே 23 அன்று, சிறையிலிருந்து வெளிவந்த கம்யூனிஸ்ட் தலைவர் லூயிஸ் கார்லோஸ் பிரெஸ்தெஸ் பெருங்கூட்டத்தின் முன் பேசினார். மேடை ஒன்றுதான். யார் ஏறுகிறார்கள் என்பதில்தான் சண்டை.

1950இல் மரக்கானா வந்தது. உலகக்கோப்பைக்காக அரசு கட்டியது. ஜூலை 16, கடைசி ஆட்டம், டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் 1,73,850 பேர். உள்ளே இருந்தவர்கள் கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் என்கிறார்கள். சமன் செய்தாலே கோப்பை என்ற நிலையில் உருகுவேயிடம் பிரேசில் 2-1 என்று தோற்றது. அன்றைய அணியில் ஐந்து பேர் வாஸ்கோக்காரர்கள். பழி யார் மேல் விழுந்தது தெரியுமா? கோல்காப்பாளர் பார்போசா, தடுப்பாட்டக்காரர்கள் ஜுவெனால், பிகோதி. மூவரும் கறுப்பர்கள். பதினோரு பேர் தோற்ற ஆட்டத்தில் மூன்று பேர் மட்டும் குற்றவாளி. பிரேசிலில் எந்தக் குற்றத்துக்கும் முப்பது ஆண்டுக்கு மேல் தண்டனை இல்லை, என் தண்டனை மட்டும் முடியவே இல்லை என்ற பொருளில் பார்போசா சொல்லிவந்தார். 2000இல் இறந்துபோனார். வென்றால் 'நம் நாடு', தோற்றால் 'அந்தக் கறுப்பன்'. சேர்த்துக்கொள்ளப்படுவதற்கு இப்படியும் ஒரு நிபந்தனை உண்டு.

ஆனாலும் மரக்கானாவில் ஒரு இடம் இருந்தது. பேர் 'ஜெரால்', பொது இடம் என்று வைத்துக்கொள்ளலாம். மைதானத்தை ஒட்டி, நின்றுகொண்டே பார்க்கிற இடம். இருப்பதிலேயே மலிவான டிக்கெட். கால்வாசி ஆட்டம் கண்ணுக்கே தெரியாது, மழை பெய்தால் நனையணும். ஆனால் நகரத்தின் ஏழைகள் அங்கேதான் பாடினார்கள், வேஷம் கட்டினார்கள், நடுவரைத் திட்டினார்கள். 2005இல் அதை எடுத்துவிட்டார்கள். பாதுகாப்பு, நவீன வசதி, எல்லாருக்கும் நாற்காலி என்றார்கள். 2014 உலகக்கோப்பைக்காக மறுபடி இடித்துக் கட்டியபோது கொள்ளளவு சுமார் 78,000 ஆகச் சுருங்கியது, டிக்கெட் விலை ஏறியது. நாற்காலி வந்தது, உட்காருகிற ஆள் மாறிப்போனான். அரங்கை ஒட்டிய பழைய பழங்குடி அருங்காட்சியகக் கட்டடத்தில் 2006 முதல் குடியிருந்த பழங்குடி மக்களை 2013 மார்ச்சில் போலீஸ் விரட்டியது. அந்த மண்ணில் முதலில் இருந்தவர்கள் அவர்கள் இனத்தார்தான் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

சாவ் ஜனுவாரியோ இப்போது எப்படி இருக்கிறது? இருபதாயிரம் சொச்சம் பேர் உட்காருகிற பழைய அரங்கம். சுற்றிலும் 'பரெய்ரா தோ வாஸ்கோ' என்கிற குடிசைப் பகுதி. 2023 ஜூனில் ஒரு தோல்விக்குப் பிறகு ரசிகர்கள் கலவரம் செய்தார்கள். தப்புதான், தண்டிக்கட்டும். ஆனால் ரசிகர்களை உள்ளே விடத் தடை விதித்த வழக்கில், அரங்கைச் சுற்றி அந்தக் குடிசைப் பகுதி இருப்பதும் ஆபத்துக்குக் காரணமாக எழுதப்பட்டது. 1924இல் 'மைதானம் இல்லை' என்றவர்கள், 2023இல் 'மைதானம் இருக்கிற இடம் சரியில்லை' என்கிறார்கள். ஆட்ட நாளில் தின்பண்டமும் குடிபானமும் விற்றுப் பிழைக்கிற அந்த மக்கள் மாதக்கணக்கில் வருமானம் இழந்தார்கள். குடியிருப்போரும் ரசிகர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். செப்டம்பரில் ரசிகர்களுக்கு அரங்கம் மறுபடி திறந்தது.

இதற்கு நடுவில் 2022இல் கழகத்தின் கால்பந்துத் தொழிலில் 70 சதவீதம் ஒரு அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2024இல் நீதிமன்றம் அதன் கட்டுப்பாட்டை நிறுத்திவைத்தது. அணியை விற்ற அந்த ஒப்பந்தத்தில் மைதானத்தின் சொத்துரிமை மட்டும் போகவில்லை. அது உறுப்பினர்களின் சங்கத்திடமே நின்றது. ஆட்டக்காரன் போவான், முதலாளி போவான், பட்டா யார் பேரில் என்பதுதான் கடைசியில் பேசும். 1927இல் காசு போட்டவர்களுக்கு இது புரிந்திருந்தது.

தோழர்களே, இனி ஒரு பெரிய அரங்கத்தைப் பார்த்தால் அதன் விளக்கு வெளிச்சத்தில் மயங்கி நிற்காமல் சில கேள்விகளைக் கேளுங்கள். அந்த மனை யாரிடமிருந்து வந்தது? காசு யார் போட்டது? இருப்பதிலேயே மலிவான டிக்கெட் எங்கே போச்சு? அணி தோற்ற மறுநாள் யார் பேரைச் சொல்லித் திட்டுகிறார்கள்? வாசலுக்கு வெளியே குடியிருக்கிறவர்களைப் பற்றி உள்ளே என்ன எழுதிவைத்திருக்கிறார்கள்? இப்படிக் கேட்டால் அது வெறும் விளையாட்டு என்று யாரும் நம்மை அனுப்பிவைக்க முடியாது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். தகுதி இல்லை, மைதானம் இல்லை என்று எவனாவது சொல்கிறபோது அந்தத் தகுதியை நிரூபிக்க நாம் அவன் வாசலில் வரிசையில் நிற்கிறோம். வாஸ்கோக்காரர்கள் முதலில் 'வரமாட்டோம்' என்று எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் கட்டினார்கள். மறுக்கத் தெரிந்தவர்களுக்கே கட்டவும் முடிந்தது. மற்றதை விவாதத்தில் பேசுவோம்.