நின்றுண்ணும் கடையும் மூன்றடிக் கவிதையும்



1916-ஆம் ஆண்டில் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். இன்று மூன்றடிக் கவிதை எழுதிப் பாராத கவிஞர் நம்மிடையே அரியர். அக்கவிதையின் சுருக்கத்தைப் பலரும் பேசியுள்ளனர். நான் அம்மக்களின் எளிய உணவுக்கடை ஒன்றுக்கு உங்களை அழைத்துச்செல்ல விரும்புகிறேன். சுருக்கம் என்றால் என்ன என்பதற்கு அங்கே ஒரு விடை இருக்கிறது.

தோக்கியோ மாநகரின் இரயில் நிலையங்களிலும் அவற்றின் அருகிலும் நின்றபடியே உண்ணும் சோபாக் கடைகள் உள்ளன. சோபா என்றதும் சாய்ந்தமரும் இருக்கையை எண்ணிவிடாதீர்கள். இக்கடைகள் பலவற்றில் நாற்காலியே கிடையாது! பக்வீட் எனப்படும் தானியத்தின் மாவைப் பிசைந்து, நூல்போல் அரிந்து, வேகவைத்துச் சூடான சாற்றில் இடுவதே சோபா. பல கடைகளின் வாயிலில் ஓர் இயந்திரம் நிற்கும். காசிட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். சீட்டை நீட்டினால் சில நிமிடங்களில் ஆவி பறக்கும் கிண்ணம் வந்துவிடும். விலை சில நூறு யென். தண்ணீருக்குக் காசில்லை, பணியாளருக்குத் தனியே காசு வைக்கும் வழக்கமும் இல்லை. உண்டவர் தம் கிண்ணத்தைத் தாமே திருப்பி வைத்துவிட்டு வெளியேறுவார்.

இந்த எளிமைக்கு நீண்ட மரபு உண்டு. தோக்கியோவின் பழம்பெயர் எடோ. 18-ஆம் நூற்றாண்டிலேயே ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரம் அது. பிழைப்புத் தேடி வந்த தனியாட்களுக்காக, தோளில் கடையைச் சுமந்து இரவில் சோபா விற்றனர். அதற்கு 'நிஹாச்சி' என்று பெயர். இரண்டெட்டு என்று பொருள். இரு பங்கு கோதுமை மாவும் எட்டுப் பங்கு பக்வீட் மாவும் கலந்ததால் வந்த பெயர் என்பர் சிலர்; இரண்டெட்டுப் பதினாறு காசு விலையால் வந்தது என்பர் வேறு சிலர். சிலேடை விரும்பும் நமக்கு இரண்டும் இனிக்கும்.

விலை சிறிது, நேரம் சிறிது, இடமும் சிறிது. ஆயினும் அந்தச் சாற்றைக் கருதிப் பாருங்கள். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தி, மெல்லிய சீவல்களாக்கிச் சாறு இறக்கும் மரபு அவர்களுடையது. நம் மாசிக் கருவாட்டின் நெருங்கிய உறவு அது. கடற்பாசியும் அச்சாற்றில் சேர்வதுண்டு. 1908-இல் இக்கேதா என்னும் வேதியியலறிஞர் கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணமான பொருளைப் பிரித்தறிந்து, அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். சில நிமிடங்களில் கிடைக்கும் கிண்ணத்திற்குப் பின்னே பல நாள் உழைப்பு மறைந்திருக்கிறது.

உண்டு முடித்தவர் 'கோச்சிசோசமா' என்று சொல்லிச் செல்வது அங்கே வழக்கம். அச்சொல்லின் உள்ளே 'ஓடியலைதல்' என்னும் பொருள் இருக்கிறது. நமக்கு உணவிடுவதற்காக ஒருவர் ஓடியலைந்தாரே, அதற்கு நன்றி என்பது கருத்து.

பேச்சற்ற கடை, இயந்திரத்தின் முன் நிற்கும் மனிதன் — இது மாநகரத் தனிமை அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். தனிமை உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கூலியாளும் அலுவலரும் ஒரே பலகையின் முன் தோளோடு தோள் நின்று, ஒரே சாற்றை உண்கின்றனர். குறைந்த காசு கொடுத்தான் என்பதற்காக எவனும் அங்கே குறைவாக மதிக்கப்படுவதில்லை.

கவிஞர்களே, எளிமைக்கும் அலட்சியத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நாற்காலியை விட்டுவிடலாம், சாற்றை விட்டுவிட முடியாது. நம் ஏடுகளில் வரும் மூன்றடிகளில் எத்தனை வெறும் வெந்நீராக நிற்கின்றன? அடிகளைக் குறைப்பது எளிது. குறைத்த அடிகளுக்குள் உழைப்பைக் கரைப்பது அரிது. எளிய வாசகன் தன் பத்து நிமிடங்களை நம்மிடம் தருகிறான். அவன் கையில் நாம் தருவது சிறு கிண்ணமாக இருக்கட்டும். சாறு நன்கு காய்ச்சியதாக இருக்கட்டும். அடுத்த பத்தாண்டுக்கு நம் வட்டம் ஏற்கவேண்டிய உறுதி இதுவே.