குடிநோய் சிகிச்சை: பெண்களுக்கான மாற்று வழி

(உழைக்கும் பெண்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மதுவுக்கு எதிரான பெண்களின் போராட்டம் என்றதும் நெல்லூர் மாவட்டத்தின் துபகுண்டா கிராமம் நினைவுக்கு வரும். எழுத்தறிவு இயக்க வகுப்புகளில் படித்த ஏழைப் பெண்கள் அங்கே சாராயக் கடையை மூடவைத்தார்கள். 1992இல் அந்தப் போராட்டம் ஆந்திரம் முழுவதும் பரவியது. 1993இல் சாராயமும், 1995இல் மது முழுவதும் தடை செய்யப்பட்டன. 1997இல் அரசு வருவாயைக் காரணம் காட்டி மதுவிலக்கைக் கைவிட்டது. கடையை எதிர்த்து நாம் நிறையப் பேசினோம். ஆனால், குடிநோயாளியும் அவரது குடும்பமும் சிகிச்சைக்கு எங்கே செல்வது என்ற கேள்வியை அதே வலிமையுடன் எழுப்பவில்லை.

2019இல் ஒன்றிய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள ஆண்களில் 27.3 சதவீதத்தினரும் பெண்களில் 1.6 சதவீதத்தினரும் மது அருந்துகின்றனர். மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்துள்ளது. 1.6 சதவீதம் சிறிய எண்ணாகத் தோன்றலாம். இந்நாட்டில் அது பல லட்சம் பெண்களைக் குறிக்கிறது. குறைந்த அளவு மதுவே பெண்ணுடலை விரைவில் பாதிக்கிறது. ஆயினும் மறுவாழ்வு மையங்களில் பெரும்பாலானவை ஆண்களுக்கானவை. குடிக்கும் பெண்ணை நோயாளியாக அல்ல, ஒழுக்கம் கெட்டவளாகவே சமூகம் பார்க்கிறது. குழந்தைகளை யாரிடம் விட்டுச் செல்வது? கூலியை எப்படி இழப்பது? அவள் மறைக்கிறாள், நோய் முற்றிய பிறகே வெளியே தெரிகிறது.

குடிப்பவர் கணவராக இருந்தால் மனைவிக்குச் சிகிச்சை மையம் தரும் இடம் என்ன? நோயாளிக்குத் துணை இருப்பவர் என்பது மட்டுமே. அடிபட்ட அவளது உடலையும், உறக்கமிழந்த குழந்தைகளையும், வீட்டுக் கடனையும் எவரும் விசாரிப்பதில்லை. "அனுசரித்துப் போ" என்பது ஆலோசனை ஆகாது.

மாற்று வழி நம் நாட்டிலேயே சோதிக்கப்பட்டுள்ளது. கோவாவில் சங்கத் என்ற அமைப்பு, மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி அளித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசனை வழங்கச் செய்தது. அதிகபட்சம் நான்கு அமர்வுகள். 2017இல் வெளியான முடிவுகளின்படி, மூன்று மாதங்களில் தீங்கான குடிப்பழக்கத்திலிருந்து மீண்டோர், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். ஆலோசனையும் பெற்றவர்களில் 36 சதவீதம். ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றவர் அனைவரும் ஆண்களே. இந்த எளிய முறையைப் பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் விரிவாக்குவதே இன்றைய தேவை.

எனவே நமது கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நியாயமான ஊதியத்துடன் பயிற்சி பெற்ற பெண் ஆலோசகர் வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் குழந்தையுடன் தங்கக்கூடிய பெண்கள் பிரிவு வேண்டும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே மருத்துவக் கண்காணிப்பு கட்டாயம். கணவர் சிகிச்சைக்கு வர மறுத்தாலும் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பாதுகாப்பும் உதவியும் கிடைக்க வேண்டும். ஜார்க்கண்டின் சந்தைகளில் ஹண்டியா விற்று வாழும் ஆதிவாசிப் பெண்களுக்கு மாற்று வாழ்வாதாரம் வேண்டும். மது வரி வருவாயிலிருந்து இவற்றுக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

இறுதியாக ஒரு சுயவிமர்சனம். குடி நம் தோழர்களின் வீடுகளிலும் இருக்கிறது. ஒரு பெண் தோழர் அதைக் கிளையில் சொன்னால், "குடும்ப விவகாரம்" என்று ஒதுக்கியிருக்கிறோம். இனி அப்படிச் சொல்லக் கூடாது. அவரது பேச்சைக் கேட்பதிலிருந்து நமது பணி தொடங்கட்டும்.